மேம்பாலத்து இறக்கத்தில் சண்முகநாதன் தந்த பதில்

மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் வேன் நின்றுவிட்டது. போன வருடம் கார்த்திகை மாதம். மத்தியான நேரம்தான், ஆனால் அடைமழையில் ரோடே தெரியவில்லை. பின் சீட்டில் என் மாமனார் என் மடியில் சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி உறுமுகிறது, நகரவில்லை.

என் வீட்டுக்காரர் ரோட்டின் நடுவில் போய் நின்று கையை ஆட்டினார். கார்கள் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. நான் வேனுக்குள்ளிருந்து "சண்முகநாதா, சண்முகநாதா" என்று கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். மாமா பிழைத்துவிட்டார். ஆனால் இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னபோது, என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

முருகனடியார்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். கிருத்திகைக்குக் கிருத்திகை சண்முகநாதனைக் கும்பிடக் குன்றக்குடி மலைக்கு வருகிற இந்திராணி. காரைக்குடிக்கு வெளியே, குன்றக்குடி போகிற ரோட்டில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் முத்துராமன் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் போடுகிறவர். வேனுக்குள் நாங்களும் பெட்டிகளும் போவோம். வேனுக்குப் பின்னால் கொக்கியில் ஜெனரேட்டர் வண்டி வரும். எங்களுக்குப் பிழைப்பும் அதுதான், போக்குவரத்தும் அதுதான். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு நா எழாது. அதனால் எழுதித் தருகிறேன்.

பழைய வேனை இனி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. மாமாவை வாரா வாரம் மதுரைக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவரைக் காரில் மடக்கி உட்கார வைக்க முடியாது. மாசித் திருவிழாக்கள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தன. ஆக, ஆளும் ஏறி, ஜெனரேட்டரையும் இழுக்கிற ஒரு பெரிய வேன் வேண்டும். புதிதாக வாங்க வழி இல்லை. யாராவது ஓட்டிய வண்டிதான்.

ஆனால் என் வீட்டுக்காரரால் எந்த வண்டியையும் எடுக்க முடியவில்லை. மதுரையில் ஒரு வேன் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. சாய்கிற சீட்டு, உள்ளே கலர் விளக்கு. என் தம்பி பாண்டிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவர் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் காய்ந்த சேறும் வாடையும். வெள்ளத்தில் முங்கிய வண்டி. புதுக்கோட்டையில் இன்னொன்று. அதில் சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு நல்ல வண்டிகளும் வந்தன. இவர் போவார், சுற்றிச் சுற்றி வருவார், கையை வைத்துத் தடவுவார், "வேண்டாம்" என்று திரும்பிவிடுவார்.

"மச்சான், இப்படியே பாத்துக்கிட்டிருந்தா இருக்கிற நல்ல வண்டியெல்லாம் போயிரும். எதுதான் வேணும் உங்களுக்கு?" என்று பாண்டி ஒரு நாள் கேட்டேவிட்டான்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "நடு ரோட்டுல நிக்காத வண்டி வேணும்டா. அம்புட்டுத்தான்" என்றார்.

சோறு இறங்கவில்லை அவருக்கு. தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு ஊட்டுவார், குளிப்பாட்டுவார், எல்லாம் செய்வார். கண்ணைப் பார்க்க மாட்டார்.

தை பிறந்தது. தேவகோட்டையில் சொக்கலிங்கம் என்று ஒருவர் வேன் கொடுப்பதாகத் தகவல் வந்தது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டி. பெயின்ட் மங்கியிருந்தது, ஆனால் இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "எம் மகளுக்கு இந்த மாசக் கடைசியில கல்யாணம். மாப்பிள்ளை வீடு பண்ணைக்காடு. கொடைக்கானல் மலையில இருக்கு. சனத்தையெல்லாம் இதுலதான் ஏத்திக்கிட்டுப் போறோம். கல்யாணம் முடிஞ்ச மறுநாளே வண்டிய நீங்க எடுத்துக்கிருங்க" என்றார்.

இவர் வழக்கம்போல வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அன்று சாயங்காலம் நான் பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அந்த வேன், சிவப்பு வந்தால் வேண்டாம். சண்முகநாதன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். "அப்பனே, எங்களுக்குக் கண்ணு தெரியலை. நீ காட்டு" என்றேன். என் மகள் காவ்யாதான் எடுத்தாள். வெள்ளை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

இவர் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி. ஆனா பின்னாடி ஜெனரேட்டர மாட்டி, பெட்டிகளை ஏத்தி, நாம எல்லாரும் உக்காந்து ஓட்டிப் பாக்காம எடுக்க மாட்டேன்."

"சாமியே சொன்னதுக்கு அப்புறம் என்னங்க சோதனை?" என்றேன். எனக்குக் கோபம்.

தைப்பூசத்துக்குச் சில நாட்கள் இருந்தன. சொக்கலிங்கம் அண்ணன் காலையில் வேனை எங்கள் வீட்டுக்கே ஓட்டி வந்தார். முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்க அவருக்கும் சம்மதம்தான். "நல்லா ஓட்டிப் பாருங்க தம்பி, எனக்கென்ன" என்று சிரித்தார். ஜெனரேட்டரை மாட்டினோம். ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றினோம். மாமாவைத் தூக்கி நடு சீட்டில் சாய்த்து, நானும் காவ்யாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பாண்டி பின்னால். சொக்கலிங்கம் அண்ணன் முன் சீட்டில். இவர் ஸ்டீயரிங்கில்.

தேவகோட்டை ரோட்டில் வெகுதூரம் போய்த் திரும்பினோம். ஏற்றத்தில் இழுத்தது. திருப்பத்தில் ஆட்டமில்லை. பிரேக் கேட்ட இடத்தில் நின்றது. இவர் முகத்தில் கூட, இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு தெளிவைப் பார்த்தேன். ரோட்டின் இடது ஓரத்தில் பாதயாத்திரைக்காரர்கள் சாரை சாரையாக நடந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டி, பச்சைச் சேலை, காவடி, தலையில் பை, இடுப்பில் பிள்ளை. காவ்யா அவர்களைப் பார்த்து "அரோகரா" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

ரயில் பாதைக்கு மேலே போகிற மேம்பாலத்தில் ஏறினோம். உச்சிக்கு வந்ததும் கீழே பார்த்தேன். இறக்கம் முடிகிற இடத்தில் ரோட்டின் பாதி அகலத்துக்குச் சனம். முன்னால் காவடிகள் ஆடிக்கொண்டிருந்தன. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

வண்டி இறங்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஜெனரேட்டர் தள்ளுகிற தள்ளு எங்கள் சீட்டுவரை தெரிந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். மிதி அப்படியே தரைவரை போய்விட்டது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரைக்குப் போனது.

"அண்ணே, பிரேக் இல்லை" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சொக்கலிங்கம் அண்ணன் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கருகுகிற வாடை வந்தது. வேகம் குறையவில்லை. இவர் ஒரு கையை ஹாரனிலிருந்து எடுக்காமல் கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறியது. ஜெனரேட்டர் பின்னால் இப்படியும் அப்படியும் வீசியது, அதோடு வேனும் வீசியது. ஒரு பெட்டி சரிந்து பாண்டியின் மேல் விழுந்தது. வலது பக்கம் போனால் பஸ். இடது பக்கம் போனால் சனம். நேராகப் போனால் காவடி.

ஹாரன் சத்தத்துக்குச் சனம் திரும்பிப் பார்த்தது. ஆனால் யாரும் நகரவில்லை. வண்டிகள் ஹாரன் அடிப்பது அவர்களுக்குப் பழகிப்போன சத்தம். ஒரு பெண் சிரித்துக்கொண்டே எங்களுக்குக் கை காட்டினாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

நான் காவ்யாவின் தலையை என் மடியில் அமுக்கிக்கொண்டேன். இன்னொரு கையால் மாமாவைப் பிடித்தேன். அப்போது நான் வேண்டியதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எங்களைக் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. "முருகா, எங்கள எடுத்துக்க. உன்னைப் பாக்க நடந்து வாற சனத்தத் தொட விட்றாத" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

அந்த நேரத்தில் கீழே ஒரு மைக் கரகரத்தது. பாலம் முடிகிற இடத்தில் இடது பக்கம் ஒரு அன்னதானப் பந்தல். அதிலிருந்து ஒரு குரல், "பானகம் தயார், பானகம் தயார்! அடியார்கள் எல்லாரும் ரோட்ட விட்டு உள்ள வாங்க!" என்றது.

முன்னால் போன காவடி இடது பக்கம் திரும்பியது. காவடி திரும்பியதும் பின்னால் வந்த சனம் முழுக்கத் திரும்பியது. கைகாட்டிய அந்தப் பெண் பிள்ளையோடு பந்தலுக்குள் போனாள். எங்களுக்கு முன்னால் ரோடு வெறும் ரோடாகக் கிடந்தது. பஸ்ஸும் நாங்களும் ஒருவரை ஒருவர் உரசாமல் கடந்தோம்.

இன்னும் வண்டி நிற்கவில்லை. ரோட்டுக்கும் வயலுக்கும் நடுவில் ஆழமான ஓடை. அதில் இறங்கினால் கவிழ வேண்டியதுதான். பந்தலைத் தாண்டியதும் ஒரே ஒரு இடத்தில் ஓடையை மண் போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் லாரி உள்ளே போவதற்காக அன்று காலையில்தான் மூடினார்களாம். இவர் அதைப் பார்த்துவிட்டார். "கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லி அந்த மண்ணில் வண்டியை விட்டார். அறுவடை முடிந்த வயல். ஈரம் காயவில்லை. சக்கரங்கள் நான்கும் புதைந்தன. வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஜெனரேட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆனால் கவிழவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாண்டிக்குத் தோளில் அடி, அவ்வளவுதான்.

சொக்கலிங்கம் அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அந்த மலையில எறங்கையில இப்படி ஆகியிருந்தா? எம் புள்ளை, மாப்பிள்ளை, அம்புட்டுச் சொந்தமும் உள்ள இருந்திருக்குமே தம்பி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எங்கிட்டுப் போய் விழுந்திருப்போம்" என்றார். எங்களை மோசம் பண்ண வந்தவர் இல்லை அவர். அவருக்கே தெரியாது.

இவர் நடு சீட்டுக்கு வந்தார். மாமாவின் முன்னால் முழங்கால் போட்டு, "அப்பா, ஒண்ணும் ஆகலையே, ஒண்ணும் ஆகலையே" என்று கையையும் காலையும் தடவித் தடவிப் பார்த்தார். மாமா தன் நல்ல கையை எடுத்து இவர் தலையில் வைத்தார். வாய் கோணியது. ரொம்ப நேரம் முயன்றார். பிறகு சொன்னார்.

"நீ... காப்பாத்திட்டடா."

கார்த்திகையிலிருந்து மாமா வாயில் முழுசாக வந்த முதல் வார்த்தை அதுதான். இவர் தன் அப்பாவின் கண்ணைப் பார்த்தார். பிறகு அவர் மடியில் தலையை வைத்து, பந்தலில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்து சுற்றி நிற்க, சத்தம் போட்டு அழுதார்.

மைக்கில் கூப்பிட்டவரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். வியர்த்துப் போய்க் கரண்டியோடு நின்றார். எப்படி அந்த நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "பானகம் அப்பத்தான் கரைச்சு முடிஞ்சுச்சு ஆத்தா. வெயில் ஏறுதேன்னு கூப்பிட்டேன். நான் உங்க வண்டியவே பாக்கலையே" என்றார். அவர் காலில் விழப்போனேன். பதறி விலகிக்கொண்டார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். பின் அச்சுக்கு மேலே போகிற பிரேக் குழாய் ஒரு கிளிப்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. சும்மா ஓட்டும்போது தெரியாது. பாரத்தோடு அழுத்தி மிதித்ததும் பிளந்துவிட்டது. மற்றபடி வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொக்கலிங்கம் அண்ணன் பிரேக் முழுவதையும் புதிதாகப் போட்டார். மலையில் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் கல்யாணச் சனத்தை ஏற்றினார். நாங்களும் அந்தக் கல்யாணத்துக்குப் போனோம்.

அந்த வேனைத்தான் வாங்கினோம். பாண்டி மாட்டவே மாட்டேன் என்றான். இவர்தான் சொன்னார்: "மத்த வண்டியெல்லாம் எனக்குத் தெரியாது. இத எனக்குத் தெரியும்." ஜெனரேட்டர் வண்டிக்கும் தனியாகப் பிரேக் வைத்துவிட்டோம். இப்போது இவர் எந்தப் பயணத்துக்கு முன்னாலும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை. நான் விளக்கேற்றிவிட்டு வருவதற்கும் அவர் அடியிலிருந்து எழுந்து வருவதற்கும் சரியாக இருக்கும். இரண்டும் கும்பிடுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவர் கேட்ட சோதனையும் சண்முகநாதன் அவர் வாயில் வைத்த சொல்தான்.

மாமா இன்றைக்குக் குச்சி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். நின்று நின்று பேசுகிறார். மகனைத் திட்டும் அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

அன்புள்ளவர்களே, உங்களில் யாருக்காவது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத நிலை இருந்தால் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் நாம் நினைத்த வழியில் வராது. நாம் பயப்படுகிற வழியில்கூட வரும். வந்த பிறகு பார்த்தால், நமக்கு மட்டும் வந்ததாக இருக்காது. முகம் தெரியாத யாருக்கோ சேர்த்துத்தான் அவன் கொடுத்திருப்பான்.

இந்தத் தைப்பூசத்துக்கு அந்தப் பாலத்து வழியாக நடந்து வருகிறவர்கள் இறக்கத்தில் ஓரமாகவே வாருங்கள். பந்தலில் நானும் பானகம் கரைத்துக்கொண்டிருப்பேன். நின்று, ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போங்கள்.