பாறை மேல் போன குழாய்

எந்தக் குழாயைக் கண்டாலும் சந்திரன் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும் என்பான். கல்யாணமான புதிதில், போளூர் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக் குழாயைத் தட்டிக்கொண்டு நின்றதில் மலைக்குப் போகும் பஸ்ஸே போய்விட்டது. ரேணுகாதேவி அன்றைக்குக் கோபப்பட்டாள். போகப்போகப் பழகிவிட்டது.

ஊருக்கு மேலே மாணவிகள் விடுதி வந்தபோது கழிவுநீர்க் குழாய் போடும் வேலை அவனுக்குக் கிடைத்தது. சுட்ட மண் குழாய்தான் போடவேண்டும் என்று நின்றான். எத்தனை காலம் கிடந்தாலும் மண்ணைக் கெடுக்காது. ஆனால் வந்த முதல் லோடில் பாதி, மலை வளைவுகளில் குலுங்கியே உடைந்துபோனது. நீளமும் குறைவு, இணைப்புகள் அதிகம். சரிவில் ஒன்று அசைந்தாலும் கசியும். பிளாஸ்டிக் குழாயோ தோளில் தூக்கிக்கொண்டு ஏறலாம். கடைசியில் அதையே போட்டான். செய்தது சரிதானா என்று சாப்பிடும்போதுகூடத் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தான்.

தோண்ட முடிந்த இடமெல்லாம் புதைத்தான். பக்கத்து நிலத்துக்காரன் கோவிந்தனின் கொல்லையை ஒட்டிய பாறை மேல் மட்டும் குழாய் வெறுமனே கிடந்தது. பாறைக்குக் கீழே சுனை. கீழூரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மிஞ்சிய மண் குழாய்களை அங்கே போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தான். தள்ளிக்கொண்டே போனது.

பங்குனிக் கடைசியில், சாமை விதைப்புக்கு முன், கொல்லையில் கிடக்கும் சருகுக்குத் தீ வைப்பார்கள். முதல் நாளே பக்கத்துக் கொல்லைக்காரர் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கோவிந்தனும் வந்தான்.

"மச்சான், நாளைக்குக் கொல்லையக் கொளுத்தறேன்."

"கொளுத்து, கொளுத்து" என்றான் சந்திரன், களியை உருட்டியபடி. வருஷா வருஷம் சொல்கிற பதில். பரிமாறிக்கொண்டிருந்த ரேணுகாவுக்கும் குழாய் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் புகை திடீரென்று கறுத்து, மூக்கை அறுத்தது. இருவரும் ஓடினார்கள். தீ சருகைப் பிடித்துப் பாறைக்கு ஏறியிருந்தது. குழாய் இளகித் தொய்ந்துகொண்டிருந்தது. மேலே விடுதி மணி அடித்தது. பிள்ளைகள் குளிக்கக் கிளம்பும் நேரம். கீழே பெண்கள் குடங்களோடு சுனைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

சந்திரன் பாறைப் பக்கம் போகவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலே, குழாய் புதைந்திருந்த தன் சொந்தக் கொல்லைக்கு ஓடினான்.

"அது நம்ம கொல்லைங்க" என்றாள் ரேணுகா.

"தெரியும். தள்ளி நில்லு."

உழுது போட்டிருந்த மண்ணைத் தோண்டி, குழாயைக் குத்தி உடைத்தான். விடுதிச் சாக்கடை முழுவதும் அவர்கள் நிலத்தில் பரவியது. சற்று நேரத்தில் பாறை மேல் குழாய் அறுந்து விழுந்தது. அதிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. மூச்சிரைக்க வந்த சந்திரன் கோவிந்தனைப் பிடித்துக்கொண்டான்.

"பைப்பு போவுதுன்னு தெரியாதா? கொளுத்தறதுக்கு முன்ன எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

கோவிந்தன் வாயைத் திறந்தான். ரேணுகாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"இவன் குளிர் காய, நாங்க பீத்தண்ணி குடிக்கணுமா?" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி. கோவிந்தன் பச்சைக் கிளையொன்றை ஒடித்து, மிச்சத் தீயை அடித்து அணைக்கப் போய்விட்டான்.

அந்த வாரமே பாறை மேல் மண் குழாய் போட்டு, இணைப்புகளுக்குச் சிமெண்டு பூசினான் சந்திரன். அவர்கள் கொல்லையில் அந்த வருஷம் சாமை விதைக்கவில்லை. தன் நிலத்தைக் கெடுத்துச் சுனையைக் காப்பாற்றியவன் என்று ஊர் அவனைப் பெருமையாகப் பேசியது. கோவிந்தனைக் கீழூரில் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் கோவிந்தன் மறுபடி வாசலுக்கு வந்தான். இந்த முறை கூடவே இரண்டு பேரை அழைத்து வந்திருந்தான்.

"நாளைக்குக் கொளுத்தறேங்க" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை. பிறகு அந்த இருவரிடமும் திரும்பி, "கேட்டுக்கினீங்க இல்ல?" என்றான்.

அவர்கள் போனபிறகு ரேணுகா, "அன்னிக்கே அண்ணன் வந்து சொன்னாருன்னு ஊருல சொல்லிடுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்" என்றாள்.

"நானே சொல்றேன்" என்றான் சந்திரன்.

இன்னும் சொல்லவில்லை. அவளும்தான்.