ஓசிப் பேப்பரும் மூடிப்போன என் அட்டையும்

இறக்காமத்தில் யானை இறங்குகிற காணியை வயலாக்கினேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை போட்டேன். கடல் வந்து வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, கரையிலிருந்து தள்ளி இன்னொரு வீடு எழுப்பினேன். பெண்மக்கள் ஒவ்வொருத்திக்கும் வீடு கட்டித்தான் கலியாணம் முடித்துக் கொடுத்தேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. வங்கி மனேஜர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லாத காலம் அது. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. இப்போது எங்கட ஆக்கள் நூலக அட்டை இலக்கத்தைப் போட்டு போனில் ஓசியாகப் பத்திரிகை வாசிக்கிறார்களே, அதைக் கொண்டுவந்தவனும் நான்தான். எழுதவே களைப்பாக இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு ஆள் எழுதப்போவதில்லை.

என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், எனக்கு மச்சான், ஒரு பேப்பர்ப் பைத்தியம். பகல் ளுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து, சீமெந்து மூடைகளில் சாய்ந்து, கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். வாசித்ததை எனக்கும் சொல்லுவார். பிறகு அவருக்குப் பாரிசவாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேப்பர் விலை ஏறி, ஏஜன்ட் எங்கட தெருவுக்குக் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டான். படுக்கையில் கிடந்து மச்சான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பேப்பர் வந்ததா? மருந்தைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை. போனில் திறந்து கொடுத்தால் நாலு வரி காட்டிவிட்டுக் காசு கட்டு என்று நிற்கும். அதைக் கட்டுகிற வங்கி அட்டை எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லை.

வெளிநாடுகளில் நூலக அட்டை இருந்தால் பத்திரிகை இலவசம் என்று ஒரு கலியாண வீட்டில் ஒரு வாத்தியார் கதைத்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடுகிற சோற்றுச் சஹனில் கையை வைத்தபடி கேட்டேன். அடுத்த நாளே எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நூலகப் பொறுப்பாளர், என் கடைசி மகளின் வயதுப் பெண், அப்படி ஒன்று இங்கே இல்லை என்றார். கேட்டால் வருமா என்றேன். கேட்க ஆள் வேண்டும், மேலே இருந்து அனுமதியும் வேண்டும் என்றார். நான் ஆள் ஆனேன். சீனி வருத்தமும் முழங்கால் நோவும் உள்ளவன் அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் படி ஏறி இறங்கினேன். இன்று ஐயா இல்லை, நாளைக்குக் கூட்டம், அடுத்த கிழமை வாருங்கள். வாசல் வாங்குப் பலகையில் இருந்தபடியே தூங்கிப்போன நாளும் உண்டு. கடைசியில் அனுமதி வந்தது. முதல் அட்டை எனக்கு.

மச்சானின் மகள் டெப்பில், அந்தப் பலகை மாதிரிப் பெரிய போனில், என் இலக்கத்தைப் போட்டு, எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தாள். மச்சான் வாய் கோணியபடி என்னைப் பார்த்தார்.

"சீமெந்துப் பேக்கில எழுதியிரிக்கிறத மட்டும் வாசிச்ச மனிசன், இப்ப லைப்ரரி மெம்பர்" என்றார். படுத்த பிறகு அவர் பகிடி விட்டது அன்றைக்குத்தான்.

எங்கட ஊர்களில் வசதி வந்தவன் வீட்டு மதிலுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் வைப்பான். தெருவால் போகிறவர்கள் குடிக்கட்டும் என்று. அதற்குப் பூட்டுப் போடுவதில்லை. வைத்தவன் மௌத்தான பிறகும் நன்மை போய்ச் சேரும். என் மதிலிலும் இருக்கிறது. அந்த நினைப்பில்தான் செய்தேன். அட்டை இலக்கத்தையும் பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் எழுதுவித்து, பாங்கு சொல்லுகிற மோதினாரிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் தொழுகை நேரத்துக்குக் கீழே ஒட்டச் சொன்னேன். இது வக்பு, பொதுத் தருமம், யாரும் பாவிக்கலாம் என்றும் எழுதச் சொன்னேன். தொழுதுவிட்டு வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள். பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னால் அது கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் அட்டைக்குள் புகுந்து பேப்பர் வாசித்தார்கள்.

அடுத்த நாள் காலையில் மச்சானின் டெப் திறக்கவில்லை.

நூலகத்துக்குப் போனேன். பொறுப்பாளரின் முகம் வெளுத்துக் கிடந்தது. என் அட்டையை ஒரு வருசத்துக்கு மூடியாகிவிட்டது, அது சட்டம். அதோடு நிற்கவில்லை. பத்திரிகைக் கம்பனி முழு நூலகத்துக்குமே சேவையை வெட்டப்போகிறதாம்.

"ஹாஜியார், இது தெருக்குழாய் இல்ல. ஒரு அட்டை ஒரு ஆளுக்குத்தான்" என்றார்.

"எனக்குப் பூட்டிப் பழக்கமில்ல மகள்" என்றேன்.

அதற்கு மேல் அவர் ஏசவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். வாசிக்க விருப்பமுள்ளவர்கள் எல்லாம் தங்கள் தங்கள் பெயரில் அட்டை எடுத்தால், ஊருக்குத் தேவை இருக்கிறது என்று கம்பனியிடம் கதைக்கலாம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி என்றார். ஆனால் ஒவ்வொரு அட்டைக்கும் வீட்டுக்குச் சோலைவரி கட்டுகிற ஒருவர் பிணை நிற்க வேண்டும். எங்கட ஆக்கள் பிணைக் கையெழுத்து என்றால் மூத்த காக்காவுக்குக்கூட யோசிப்பார்கள்.

அதையும் நான்தான் செய்தேன். மோதினாரைக் கொண்டு அறிவிப்புச் செய்வித்தேன். நூலக வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு, அஸருக்குப் பிறகு தினமும் இருந்தேன். மருதமுனையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், நற்பிட்டிமுனையிலிருந்து வந்து எங்கட ஊரில் கடை வைத்திருக்கும் தம்பிமார், யாரென்றும் கேட்காமல் எல்லாருக்கும் பிணை போட்டேன். என் கையெழுத்து மெதுவாகத்தான் வரும். விரல் விறைத்துப் போகும், உதறிவிட்டு மறுபடி எழுதுவேன். மச்சானுக்கு நடக்க ஏலாது என்பதால் பொறுப்பாளரே வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். மச்சான் இடது கையால் ஒப்பம் போட்டார். அதற்குக் கீழேயும் என் பிணைதான்.

கம்பனி வெட்டவில்லை. மச்சானுக்குப் பேப்பர் திரும்பி வந்தது. நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழும்பவே இல்லை.

போன கிழமை மச்சானைப் பார்க்கப் போனேன். டெப்பை நெஞ்சில் வைத்தபடி, ஒரு செய்தி இருக்கு, கேளு என்றார். எங்கள் நூலகத்தில் இணையப் பத்திரிகைச் சேவை வெற்றி என்று பிராந்தியப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கந்தோர் ஐயாவின் பெயர் இருந்தது. கதவில் என்னைக் காக்க வைத்தவரின் பெயரும் இருந்தது. படத்தில் மாலையும் இருந்தது. மச்சான் கடைசி வரி வரை நாக்குக் குழற வாசித்தார். நான் அதில் இல்லை.

பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் என் பெயரையும் எழுதித்தான் கொடுத்தாராம். தடை விழுந்த அட்டைக்காரரின் பெயரை எப்படிப் போடுவது என்று மேலே வெட்டிவிட்டார்களாம். மச்சானோ, "பேரைக் கேட்டா நன்மை குறைஞ்சிரும், விடு மச்சான்" என்கிறார். நன்மையை அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். இது ஊரிடம் கேட்பது.

அட்டையை ஒரு வருசம் மூடி வைத்திருங்கள், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்டு வாங்கியவன் நான், பிணை நின்றவனும் நான். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், என் பெயரையும் நான் செய்த வேலையையும் போட வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடுங்கள். மச்சான் வாசிக்க வேண்டும்.