பித்தளைக்காரன் அடித்த கத்தி

கன்னையனுக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். அனுப்பர்பாளையத்தில் பித்தளைக் குடம் தட்டும் பட்டறையில் பதினெட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். டீ ஆறிப்போயிருந்ததற்காகக் கடைக்காரனின் மூக்கை உடைத்தவன். தங்கை வேலாத்தாளை அவள் புருஷன் கிட்டுசாமி முதல் தடவை அடித்தபோது, நேரே போய் அவன் விரல் இரண்டை முறித்துவிட்டு, பதினைந்து நாள் ஜெயிலில் இருந்து வந்தான். அதன் பிறகு வேலாத்தாள் புருஷனைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. தன் வைத்தியத்தில் மாப்பிள்ளை திருந்திவிட்டான் என்று கன்னையன் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டான்.

போன ஆடியில் அந்தப் பெருமை உடைந்தது. வேலாத்தாள் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவளோடு நிற்கும் பெண் ஒருத்தி எங்கள் பட்டறைக்குப் பாத்திரம் வாங்க வந்தவள், கன்னையனிடம் சொல்லிவிட்டாள். கிட்டுசாமி சுடச்சுட அயர்ன் பாக்ஸை வேலாத்தாளின் முதுகில் வைத்து அழுத்தியிருக்கிறான். ஜாக்கெட் துணி தோலோடு வந்ததாம்.

கன்னையன் கத்தவில்லை. அதைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும். மடையன், பயப்படவில்லை.

மறுநாள் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் இரண்டு துண்டு கொண்டுவந்தான். கோயில் நோம்பிக்குக் கெடா வெட்டக் கத்தி செய்யப் போகிறானாம். கடையில் வாங்கித் தொலையேன் என்றேன். கடைக் கத்தி மொண்ணை என்றான். கடைக்காரன் நாளைக்குப் போலீசில் ஆளை அடையாளம் காட்டுவான் என்பதுதான் உண்மையான காரணம். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. செல்போனில் கத்தி செய்யும் வீடியோ பார்ப்பான். பட்டறைச் சத்தத்தில் ஒரு சொல்லும் காதில் விழாது. காய்ச்சுகிறார்கள், அடிக்கிறார்கள், முக்குகிறார்கள், தீட்டுகிறார்கள், நாம் செய்யாததா என்றான்.

எங்கள் தொழில் புத்தியே அவனைக் கவிழ்த்தது. பித்தளை அடிக்க அடிக்க இறுகும். இறுகினால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவோம், இளகிவிடும். எஃகு இதற்கு நேர் எதிர். காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முதல் துண்டை அவன் இளக்குவதாக நினைத்து முக்கியெடுத்து அடித்தான். மூன்றாம் அடியில் அது வெடித்தது. ஒரு சில்லு அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு சுவரில் போய் அடித்தது. ரத்தத்தை அவன் துடைக்கவில்லை. அது பட்டடை இரும்பில் சொட்டச் சொட்ட, மிச்சத் துண்டைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினான். யாருடைய மண்டையை நினைத்து அடிக்கிறான் என்று எனக்கு உறைக்கவில்லை. இரும்பு மட்டம் என்று அவன் பழியை இரும்பின் மேல் போட்டான்.

இரண்டாவது துண்டைச் சூடாகவே அடித்து வடிவம் எடுத்தான். நான்கு நாள் ஆனது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். கடைசியில் வீடியோவில் பார்த்தபடி ஒரு முக்கு முக்கி, தீட்டினான். முன்கை மயிரை வழித்துக் காட்டினான். முக்கியபின் இளஞ்சூட்டில் வாட்டினால்தான் எஃகின் விறைப்பு தணிந்து முறியாமல் இருக்கும் என்று பின்னால் ஒரு கொல்லர் சொன்னார். வீடியோக்காரனும் சொல்லியிருப்பான், யார் கேட்டது?

ஞாயிறு மதியம், தங்கச்சியைப் பார்க்க வேண்டும், வண்டியில் கொண்டுபோய் விடு என்றான். விட்டு, நானும் பின்னாலேயே போனேன்.

கிட்டுசாமி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னையன் செருப்போடு உள்ளே போய், இடுப்பிலிருந்து கத்தியை உருவிக் கழுத்தைப் பார்த்து ஓங்கி வெட்டினான். கிட்டுசாமி புரண்டான். கத்தி அவன் தோளைக் கிழித்துச் சுவரில் மோதி, பாதியில் முறிந்து விழுந்தது. கன்னையன் கையிலிருந்த பிடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் கிட்டுசாமி பக்கத்திலிருந்த குக்கரைத் தூக்கி அவன் மண்டையில் போட்டான். விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குரல்வளையைப் பிடித்து நெரித்தான். இழுத்த எனக்கு ஓர் உதை விழுந்தது, முன்பல் இரண்டு போயிற்று. கன்னையனின் கண் செருகிக்கொண்டது.

சமையலறையிலிருந்து வேலாத்தாள் வந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக் கத்தியின் முறிந்த பாதியை எடுத்தாள். புருஷனின் பின்னால் நின்று அவன் காதுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். அவள் கையிலிருந்தும் ரத்தம் வழிந்தது.

"கையை எடுங்க. துள்ளுனீங்கன்னா அறுத்துப்போடுவனுங்க."

குரல் ஏறவில்லை, மரியாதையும் குறையவில்லை. கிட்டுசாமியின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவன் சுவரோரமாக நகர்ந்து வேட்டியிலேயே மூத்திரம் போனான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்றும் அதற்காக வெட்கப்படவில்லை.

நாங்கள் மூவரும் தெருவுக்கு வந்தோம். கன்னையனுக்குத் தலையிலிருந்து ரத்தம் கொட்டியது, ஆனாலும் அண்ணன் முறுக்கு போகவில்லை.

"ஊட்டுக்கு வா கண்ணு. இத்தன வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அவனுக்குப் பயந்துட்டா கெடந்த?"

வேலாத்தாள் கையில் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அவருக்குப் பயந்திருந்தா எப்பவோ வந்திருப்பனுங்ணா. உங்களுக்குத்தான் பயந்தேன்."

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, கூட வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்துபோனாள். கன்னையன் நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.