கட்டைவிரல் பட்ட ஊசி

என் மகளுக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. மிட்டாய் தின்று வந்ததல்ல. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய இன்சுலின் நின்றுபோனதால் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் அவள் அம்மா ஊசி போடுவாள். ஊசியைக் கண்டதும் இவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வெளியே கொண்டுவருவது என் வேலை.

பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறும் வருஷம் டாக்டரம்மா சொன்னார்: "மத்தியானம் அம்மா அங்க வர முடியாது. நீயே போட்டுக்கப் பழகணும்மா."

வீட்டுக்கு வந்ததும் மகள் தீர்ப்புச் சொன்னாள். "நா பழக மாட்டேன். நைனா வலிக்காத ஊசி செஞ்சிகினு கீறாரு. அது வரட்டும், போட்டுக்குறேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. திருவொற்றியூரில் லேத் பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தவன் நான். எங்கள் முதலாளி பட்டறையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டி, கம்ப்யூட்டரில் வரைந்த உருவத்தை அப்படியே அச்செடுக்கும் த்ரீ டி மிஷின் ஒன்றை வாங்கி வைத்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு இன்ஜினியர் மேடம் வந்தார். உதவிக்கு என்னைப் போட்டார்கள்.

அதன் தொட்டியில் தேன் மாதிரி ரெசின் என்ற பிசின் இருக்கும். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கெட்டியாகும். அப்படிப் படலத்தின்மேல் படலமாக ஏறி, தபால்தலை அளவில் ஒரு வில்லை உருவாகும். அதன்மேல் வரிசை வரிசையாக ஊசிகள். உங்கள் நகத்தின் கனத்தைப் பாருங்கள், ஊசியின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். தோலின் மேலோட்டத்தை மட்டும் துளைத்து மருந்தை இறக்குவதால் வலி தெரியாதாம். ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கு நாங்கள் மாதிரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் முனைகள் மடங்கிப் போயின. மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ரெசினை மாற்றினார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார். வெளியே பட்டறையில் என்னோடு லேத்தில் நின்ற மூத்தவர், எல்லோருக்கும் லேத் அண்ணன், ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"கன்டெய்னர் லாரிதான் மேடம். அது போனா என் டீ கிளாஸே டான்ஸ் ஆடுது."

மிஷினுக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தோம். லாரி போனது, டீ ஆடவில்லை, முனை மடங்கியது. அடுத்த தடவையும் இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம், கழித்துப்போட்ட வில்லை ஒன்றை மேடத்திடம் கேட்டு வாங்கி வந்தேன். மகள் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பையிலிருந்து எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இன்னாத்துக்கு நைனா தேச்சுப் பாக்குறே?"

"பிசிறு கீதான்னு பாத்தேன்."

"புதுக் கத்தி வாங்கியாந்தா தேய்க்குறே. சாவி வெட்டியாந்தா தேய்க்குறே. என் பென்சிலக் கூட வுடமாட்டே. அங்கயும் தேய்ப்பியா?"

அவள் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே காப்பி டம்ளர் வெளிம்பத் தேச்சவருடி உங்க நைனா. டம்ளரு ஓட்டையோன்னு எங்கம்மா பதறிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேத்தில் நிற்பவன் வேலை முடிந்ததும் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டுவான். விரல் ஓடாமல் சாமான் கைமாறாது. கண்ணாடி அறையிலும் அதேதான் நடந்தது. வில்லையை ஸ்பிரிட்டில் கழுவி எடுக்கும்போது ஊசிகள் இன்னும் இளசாகத்தான் இருக்கும். கடைசி வெளிச்சம் பட்டால்தான் இறுகும். அந்த இளசில் கையுறையோடு நான் தடவியிருக்கிறேன். "இன்னா மாமு, காட்டு" என்று எட்டிப்பார்த்தவர்களும் தடவியிருக்கிறார்கள்.

காலையில் மேடத்திடம் சொன்னேன். அவர் நம்பாமல், கழுவும் தட்டருகே சும்மா நின்றார். கொஞ்ச நேரத்தில் லேத் அண்ணன் வந்தார், ஒரு வில்லையை எடுத்தார், கட்டைவிரல் தானாகக் கிளம்பியது.

"அண்ணா!"

"நா ஒண்ணும் பண்ணல மேடம்! சும்மா தடவிதான் பாத்தேன்!"

மேடம் சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு இடுக்கி தவிர எதுவும் வில்லையைத் தொடவில்லை. லேத் அண்ணன் அறைக்குள் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அடுத்து எடுத்த வில்லையை மெழுகுத்தாளில் அழுத்தினோம். சல்லடை மாதிரி ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

வீட்டில் சொன்னேன். மகள் குதித்தாள். "அப்போ எனக்கு எப்போ?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "இப்ப மெழுகத்தான் குத்துதும்மா. இன்னும் எத்தினியோ சோதன கீது. பெரியவங்களுக்குப் போட்டுப் பாக்கணும், அப்பால பசங்களுக்கு. நீ காலேஜ் போறப்போ வரலாம். வராமயும் போலாம்."

அவள் பழைய வில்லையை எடுத்துத் தன் கட்டைவிரலை அதன்மேல் மெல்ல ஓட்டினாள். "பூன நாக்கு மாதிரி கீது" என்றாள். அதை ஜன்னலில் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலினை எடுத்து வந்து ஊசியில் ஏற்றினாள். அம்மா அளவைப் பார்த்துச் சரி என்றாள். மகள் தரையில் உட்கார்ந்து தொடைச் சதையைப் பிடித்தாள். ஊசியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டினேன்.

"கைய எடு நைனா. இதயும் தேச்சுகீச்சு வெக்காத."

குத்திக்கொண்டாள். உதடு அசைய மெதுவாக எண்ணிவிட்டு எடுத்தாள்.

"வலிச்சிதா?" என்று கேட்டேன்.

"வலிச்சிது. சோத்தப் போடு."