ஏசாமல் இருந்த மூன்று நாள்

எனக்கு இடது கண்ணில் புரை. எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை நாள் குறித்தார்கள். இரண்டு தடவையும் ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் போர்டு சரியாகத் தெரியாமல், இலத்தூர் போக வேண்டியவள் ஒருநாள் அச்சன்புதூரில் போய் இறங்கினேன். அந்த ஆத்திரத்தில் கண்டக்டரை ஏசிய ஏச்சில் அழுத்தம் இன்னும் ஏறியிருக்கும்.

மூன்றாம் தடவை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அழுத்தம் இறங்கினால் ஆபரேஷன். இல்லாவிட்டால் இன்னும் மூன்று மாதம் தடவிக்கொண்டு திரிய வேண்டியதுதான். கையோடு ஒரு நர்ஸிடம் என்னை ஒப்படைத்தார். அந்தப் பெண் மனதை ஓரிடத்தில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தாள். ஒரு பழத்தைக் கையில் வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். நிறம், தோல், வாசனை, கடைசியாக ஒரு கடி. நடுவில் கோபம் வந்தால் விரட்டக் கூடாது. "கோபம் வந்திருக்கிறது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பவும் பழத்துக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதானாம்! குற்றால சீசனில், தென்காசியில் வீடு வைத்திருப்பவளிடம் சொல்கிறாள்.

சாரல் விழுந்தால் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். நான் வீடு திரும்பியபோது என் கணவரின் தங்கை மதுரையிலிருந்து ஆறு பேரோடு வந்து இறங்கியிருந்தாள். பத்து நாள் இருப்பாள். காலையில் ஐந்தருவி, மாலையில் மெயினருவி, ஈரத்துணி மொத்தமும் ஹால் ஃபேனுக்கு அடியில். முப்பது வருஷமாக நான் வாய் ஓயாமல் ஏசுவேன், அவள் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டைக் காயப்போடுவாள்.

இந்தத் தடவை ஒரு ரம்புட்டான் பழத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு. மேலெல்லாம் முடி. முடி நுனியில் கொஞ்சம் பச்சை. நாற்காலியில் ஈரத்துண்டு. கோபம் வந்திருக்கிறது. மறுபடியும் முடி.

நான் வாயை மூடி உட்கார்ந்து எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முதல் நாளே துணியெல்லாம் மாடிக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள் என் கணவர், கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பற்றவைக்காத மனுஷர், காபி போட்டு என் முன்னால் வைத்துவிட்டு ஓசைப்படாமல் நழுவினார். நர்ஸ் சொல்லும்போது அவர் மருந்து வாங்கப் போயிருந்ததால் அவருக்கும் விஷயம் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். எதற்குச் சொல்ல வேண்டும்? இத்தனை வருஷம் கத்தி நடக்காதது ஒரு பழத்தைப் பார்த்தே நடக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், நாத்தனார் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். 

"நான் என்ன தப்பு பண்ணுனேன்னு சொல்லிருங்க மதினி. எங்க அம்மை போனதுக்கப்புறம் இந்த வீட்டுல என்னைய ஏசுதது நீங்க மட்டுந்தான். நீங்க ஏசுனாத்தான் பொறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. இப்படிப் பேசாம இருந்தா லாட்ஜுல தங்குத மாதிரில்லா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. வாயைத் திறந்தால் மூன்று நாள் பட்ட பாடும் போச்சு, ஆபரேஷனும் போச்சு. ஆனால் இவள் அழுகிறாளே. பழத்தைக் கீழே வைத்தேன்.

"ஏட்டி, மொதல்ல அந்தப் பைய அவுத்து உள்ள வையி."

அப்புறம் ஆரம்பித்தேன். நாற்காலியில் போட்ட ஈரத்துண்டு, குளியலறை முழுக்க மண், அருவிக்கென்று தேய்த்துத் தீர்த்த என் தேங்காயெண்ணெய், எதையும் விடவில்லை. கண் மங்கல் என்பதால் அவள் பக்கத்தில் குனிந்து ஏசினேன். அப்போதுதான் பார்த்தேன், முன்நெற்றி முடி முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எப்போது இப்படி ஆனாள்? முப்பது வருஷமும் ஈரத்துணியைப் பார்த்துத்தான் ஏசியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து ஏசியது அன்றைக்குத்தான். அவளானால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

மறுநாள் அவள்தான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தாள். நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றினாள், பார்த்தாள், நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினாள். அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. சொல்லிக்கொடுத்த மாதிரியே கவனமாகப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

பார்த்தேன் என்று சொல்லி, பக்கத்தில் நின்ற நாத்தனாரைக் காட்டினேன்.