கூழைக்கடா ஒட்டிய கவர்

நான் சண்டைக்காரி. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. முப்பது வருடம் ஆபீஸில் ஸ்டோர்ஸ் பகுதியில், விண்ணப்பப் பாரம் வாங்கும் மேஜையில் உட்கார்ந்தவள் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்தவர் மறுபடி ஏறி இறங்க வேண்டுமே என்றெல்லாம் பார்த்ததில்லை. அணுபுரம் குவார்ட்டர்ஸில் என் காதுபடவே எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கும் முறை எனக்கு வந்தது.

போன நவம்பர் மழையில் எங்கள் தபாலாபீஸுக்குப் போனேன். கவுண்டர் கண்ணாடியில் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பழைய தபால்தலைகளை வாங்க மாட்டோம், மாற்றிக்கொள்ளவும் என்றிருந்தது. எது பழையது, எந்தத் தேதி வரைக்கும், எங்கே மாற்றுவது, ஒன்றும் இல்லை. என் பையில் ஒன்பது ஷீட் இருந்தது. எல்லாம் கூழைக்கடாப் பறவையின் படம் போட்டது.

"எது பழசு, எது புதுசுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

கவுண்டரில் இருந்த அம்மா தலையை நீட்டி என் பையைப் பார்த்தார். "நீங்க வச்சிருக்கறது பழசுங்க."

"ஆர்டர் எங்க? காட்டுங்க."

"ஆர்டரெல்லாம் எங்களுக்கே வரலைங்க. மேல இருந்து போன்ல சொன்னாங்க."

போனில் சொன்னார்களாம். நான் வேலையில் இருந்தபோது போனில் சொல்லி ஒரு ஆணிகூட வாங்கியிருக்க முடியாது. அன்று அங்கே நான் போட்ட சத்தத்தில், பின்னால் நின்றவர்கள் இரண்டு பேர் மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்கள்.

இந்தக் காலத்தில் யார் தபால்தலையை ஷீட் ஷீட்டாக வாங்கி வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். என் தங்கைக்காக வாங்கியது. அவள் கன்னியாஸ்திரி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வெளியே வருகிற சபை இல்லை. வடக்கே ஒரு மலையூரில் உள்ள அடைப்பு மடம். உள்ளே போனவர்கள் போனவர்கள்தான். பார்க்கப் போனால் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்கள். செல்போன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒன்று, ஈஸ்டருக்குப் பிறகு ஒன்று, இவ்வளவுதான் அவளுக்கு. கையில் காசு வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. அதனால் நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும், என் விலாசத்தை நானே எழுதி, தபால்தலையும் ஒட்டி, ஒரு கவரை மடித்து வைத்துவிடுவேன். அவள் எழுதி, உள்ளே போட்டு, ஒட்டி அனுப்பினால் போதும். இருபத்தாறு வருடமாக இதே வழக்கம்.

கூழைக்கடாவும் அவளுக்காகத்தான். எங்கள் அப்பாவும் அம்மாவும் வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நாற்று நடும் இடத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். தலைக்கு மேலே ஏரிக்குப் போகிற கூழைக்கடாக்கள் வரிசையாகப் போகும். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மடத்துச் சுவருக்குள் கூழைக்கடா எங்கே தெரியப்போகிறது? அந்தப் படம் போட்ட தபால்தலை வந்தபோது, இனி வராது என்று கவுண்டரில் சொன்னதைக் கேட்டு, இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டேன்.

அன்பான அக்கா என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கிளம்பிப் போன நாளில் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தாள். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நடுவில் நான் கத்தினேன். "அம்மாவ என் தலையில கட்டிட்டு நீ சாமிகிட்ட போறியா? போ. இனிமே எனக்குத் தங்கச்சியே இல்ல." அவள் அழவில்லை. ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரயில் நகர்வதற்கு முன்பே படியேறி வந்துவிட்டேன். அம்மா இன்னும் பதினோரு வருடம் படுக்கையில் கிடந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கடிதம் மட்டும் நிற்கவில்லை. மழை பெய்தது, ஏரி நிரம்பியது, அச்சரப்பாக்கம் சித்தப்பா தவறிவிட்டார் என்று நான் எழுதுவேன். இங்கே பனி, தோட்டத்தில் பீன்ஸ் நன்றாக வந்திருக்கிறது என்று அவள் எழுதுவாள். ஸ்டேஷனைப் பற்றி அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. போன அக்டோபரில் எனக்கு அறுபத்தொன்று பிறந்தது. அன்று உட்கார்ந்து எழுதினேன். "ஸ்டேஷனில் நான் சொன்னதை நீ மன்னித்துவிட்டாயா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று எழுது. பீன்ஸைப் பற்றி எழுதாதே." வழக்கம்போல என் விலாசம் எழுதி, கூழைக்கடா ஒட்டி, கவரை உள்ளே வைத்து அனுப்பினேன். பதில் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் வரும். அதற்குள்தான் இந்தத் தபால்தலைக் கூத்து.

மாற்றிக்கொள்ள டவுனில் இருக்கும் பெரிய ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் பாவம், யாரோ போனில் சொன்னதைத்தான் செய்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கினேன். முதல் நாள், அந்தப் பாரம் தீர்ந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் பாரம் இருந்தது, அடையாள அட்டையின் நகல் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள், வாங்கிய ரசீது எங்கே என்றார்கள். தபால்தலைக்கு ரசீது வாங்கி வைத்திருக்கும் மனுஷரை நான் பார்த்ததில்லை. நானே வைத்திருக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் ஷீட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். கடற்காற்றின் ஈரத்தில் அலமாரிக்குள் நாலு ஷீட் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. ஒட்டியதை வாங்க மாட்டார்களாம். வீட்டுக்கு வந்து, இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பக்குவமாகப் பிரித்து, விசிறியில் காயவைத்துக் கொண்டுபோனேன்.

"இதுல பசையே இல்லையே மேடம். பசை இல்லாதது உபயோகிச்சதுன்னுதான் அர்த்தம்" என்றார் அங்கிருந்தவர்.

ஒட்டினால் ஒட்டியது, பிரித்தால் உபயோகித்தது. மீதி ஐந்து ஷீட்டுக்கு அவர்கள் நீட்டியதோ, யாரோ ஒரு தலைவர் படம் போட்ட குட்டித் தபால்தலைகள். பறவை போட்டது இல்லையா என்று கேட்டேன். "ஸ்டாம்புல என்ன படம் இருந்தா என்ன மேடம்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று என் ஒன்பது ஷீட்டையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு புகார் எழுத ஆரம்பித்தேன். மேலதிகாரிக்கு ஒன்று, அவருக்கும் மேலே உள்ளவருக்கு ஒன்று. எழுதியதோடு விடவில்லை. அந்தப் புகார்க் கவர்கள் மேலேயே கூழைக்கடாவை ஒட்டிப் பெட்டியில் போட்டேன். செல்லாது என்பவர்கள் எழுத்தில் சொல்லட்டும் என்ற வீம்பு. இரண்டும் திரும்பி வந்தன. அங்கே கட்டணம் கட்டி வாங்க மறுத்துவிட்டார்களாம், அனுப்பியவள் நான்தான் கட்ட வேண்டுமாம். கட்டினேன், திட்டிக்கொண்டே கட்டினேன். மூன்றாவதாக ஒன்றும் எழுதிப் போட்டேன். அடுத்த முறை திரும்பி வந்தால் கைநீட்டி வாங்குவதில்லை என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம், காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் தபால்காரர் இந்தப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு கவரைத் தூக்கிக் காட்டினார்.

"யக்கா, ஒரு தபால் வந்துகீது. டியூ போட்டுகீறாங்க. பத்து ரூபா."

கண்ணாடி உள்ளே மேஜைமேல் இருந்தது. இருந்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஓரத்தில் கூழைக்கடாவும் தெரிந்தது. மூன்றாவது புகாரும் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வேணாம். திருப்பி எடுத்துக்கினு போ."

"இன்னாக்கா, பத்து ரூபாக்கு இம்மாம் பேஜாரா? நான் குட்த்துடறேன், வாங்கிக்க."

"நீ குடுத்தா நான் தோத்த மாதிரி ஆயிடும். வாங்க மாட்டேன்னு எழுதிக்க."

"கைல வாங்கியாச்சும் பாருக்கா."

"பாக்கறதுக்கு இன்னா கீது? நான் எழுதுன எழுத்துதானே."

அவர் காக்கிப் பையைச் சைக்கிள் சீட்டில் வைத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, கவர்மேல் எழுதிக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அன்று மத்தியானம் வஞ்சிரம் மீன் வாங்கி வறுத்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி முழுக்கத் தங்கையின் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். பிப்ரவரியிலும் வரவில்லை. பதில் எழுதப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதுவும் ஒரு பதில்தான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்று, நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பும்போது, இனி ஈஸ்டர் வரைக்கும் அவளிடமிருந்து கடிதம் இல்லை, நான் கவர் ஒட்டி அனுப்பியும் அவள் எழுதவில்லையே என்று நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் ஒட்டிய கவர். என் கையெழுத்து. கூழைக்கடா. என் புகார் என்றால் முகப்பில் அதிகாரியின் விலாசம்தானே பெரிதாக இருந்திருக்கும்? தபால்காரர் காட்டிய கவரில் பெரிதாக இருந்தது என் விலாசம்.

என் அலமாரியில் இருந்த தபால்தலைக்காக ஐந்து முறை டவுனுக்கு அலைந்தேனே, மடத்தில் அவள் கையில் நானே ஒட்டிக் கொடுத்த ஒன்று இருக்கிறது என்று ஒருமுறையாவது நினைத்தேனா? பூசை முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். நெற்றிச் சாம்பலோடு நேராகத் தபாலாபீஸுக்குப் போனேன்.

கவுண்டரில் அதே அம்மா. நான் வருவதைப் பார்த்ததும் அவர் முகம் சண்டைக்குத் தயாரானது. நான் சொல்லி முடித்தபோது கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அனுப்பினவங்க அட்ரஸ் கவர்ல இல்லைங்களே. அப்படிப்பட்டதை எல்லாம் ஒரு ஆபீஸுக்கு அனுப்பிடுவோம். அங்க பிரிச்சுப் பார்ப்பாங்க. உள்ள அட்ரஸ் இருந்தா அவங்களுக்கே திரும்பப் போயிடும்."

"மடத்துக்கா?"

"ஆமாங்க."

"அந்தக் கவர் மேல என்ன எழுதியிருக்கும்?"

"'வாங்க மறுத்துவிட்டார்'னு எழுதியிருக்கும்ங்க."

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் பிளாட்பாரத்தில் வாயால் சொன்னதை, இப்போது சிவப்புப் பேனாவால் எழுதவைத்து அனுப்பினேன். அவள் உண்டு என்று எழுதினாளோ, இல்லை என்று எழுதினாளோ, எதுவானாலும் அது அவள் கைக்கே திரும்பிப் போகும். நான் கேட்டுவிட்டு, பதிலை வாங்க மறுத்ததாக அவள் நினைப்பாள். தவக்காலம் முடியும்வரை அப்படி இல்லையம்மா என்று எழுதவும் எனக்கு வழியில்லை. எழுதினாலும் அவளிடம் கொடுக்க மாட்டார்கள். என் தங்கை அவளுடைய கடிதத்துக்குள் தன் விலாசத்தை எழுதாமல் இருந்திருக்க வேண்டும், அது அந்த ஆபீஸிலேயே ஒரு மூட்டையில் தொலைந்துபோயிருக்க வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். தொலையட்டும் என்று வேண்டியதும் அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். தேடிப் பார்க்கச் சொல்லும் பாரம். "கிடைக்கும்னு சொல்ல முடியாதுங்க. எழுதிப் போடுவோம்" என்றார்.

என் பெயர், என் விலாசம் எழுதினேன். அனுப்பியவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. 'தங்கை' என்று எழுதினேன். அதற்குக் கீழே, உள்ளே இருந்தது என்ன என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை.

"இது எனக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

"பரவாயில்லைங்க, குடுங்க" என்றார்.

நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் அந்தக் கட்டம் காலியாக இருந்தபடியே பாரத்தை வாங்கி, முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்.