கண்ணாடி வீட்டில் பல்லி சொன்னது

பேய், பிசாசு, சகுனம் என்று ஒன்றையும் நான் நம்பினவன் இல்லை. நீங்கள் இப்போதே சிரிக்கப் பார்க்கிறீர்கள், சிரியுங்கள். எண்பத்தாறில் நான் சூரிச்சில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

என் தம்பியோடு களவாக இந்த நாட்டு எல்லைக் காட்டைக் கடந்து வந்தவன் அவனுடைய சிநேகிதன் ராசன். பனிக்குள் தம்பி செத்த பிறகுதான் விட்டுவிட்டு வந்ததாக எல்லாரிடமும் அழுதான். நான் ஒரு சொல்லும் நம்பவில்லை. அவன் வாயாலேயே உண்மையைப் பிடுங்கவேண்டும் என்று இரண்டு வருடம் கறுவிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டுக்குள், ஆசியச் செடிகளோடு ஒரு வீட்டுப்பல்லியும் வந்து ஒளிந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த நாட்டில் பல்லியைக் காண்பது யானையைக் காண்பது மாதிரி. ராசனோ பல்லி சொன்னால் சோற்றுக் கையோடும் விரலால் மூன்று தரம் தட்டுகிற ஆள், அப்போது பேசியது உண்மை என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் அது. பல்லிக்கு முன்னால் அவனுக்குப் பொய் வராது என்று கணக்குப் போட்டு, ஒரு ஞாயிறு மதியம் பல்லி பார்க்கவென்று கூட்டிப்போனேன்.

வெளியே பனி, உள்ளே ஊர்ப் புழுக்கம். வாழை இலைக்கடியில், சூட்டுக் குழாய்களுக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினோம். பல்லி இல்லை. ஆத்திரம் தாங்காமல் கேட்டேவிட்டேன்.

“தம்பி உயிரோட கிடக்கேக்கதானே விட்டிட்டு வந்தனி?”

தலைக்கு மேலே ச்சு ச்சு ச்சு. ராசனின் கை தன்பாட்டில், உட்காரும் பலகை வாங்கில் மூன்று தரம் தட்டியது. தட்டிய பிறகுதான் அவனுக்கே விளங்கியது. முகம் செத்துப்போயிற்று.

“நடக்கேலாமக் கிடந்தவன் அண்ணை. என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் கிடந்தவன்.”

எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

“நீயும் தனியாக் கிடந்துதான் சாவாய்.”

பல்லி மறுபடி சொன்னது. ராசன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“நீங்களும்தான் அண்ணை.”

அதற்கும் சொன்னது. நம்பினால் நம்புங்கள், இந்த முறை தட்டியது என் விரல்.

வாசலில் தோட்டக்காரியிடம் பல்லியைப் பற்றிக் கேட்டேன். அது இரண்டு கிழமைக்கு முன்பே செத்துவிட்டதென்று சொல்லி, போத்தலுக்குள் கிடந்ததைக் காட்டினாள். வேறு பல்லி இல்லையாம்.

அடுத்த குளிர்காலம் ராசன் தன் அறைக்குள் செத்துக்கிடந்தான், மூன்று நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். நான் அழவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஓர் இரவுகூட நான் வீட்டில் தனியாகப் படுத்ததில்லை. மனைவி செத்து இன்றைக்கு முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. பிள்ளைகளும் தங்கள் தங்கள் வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டார்கள். மணி எட்டுத்தான் ஆகிறது, உங்களுக்குக் கடைசி ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், இன்றைக்கு இங்கேயே படுத்தெழும்பிப் போங்களேன்.